வெளியே தெரியாத நோயும் தோட்டத்து வேலையும்



கை ஒடிந்து கட்டுப் போட்டிருப்பவரைப் பார்த்து, "நீ ஏன் ஏணியில் ஏறவில்லை?" என்று எந்த மண்டோரும் கேட்கமாட்டார். அந்தக் கட்டே அவருக்காகப் பேசிவிடுகிறது. ஆனால், சில நோய்களுக்குக் கட்டும் இல்லை, ஊன்றுகோலும் இல்லை. ஆள் நன்றாக நிற்பார், நடப்பார், சிரித்துப் பேசுவார். உள்ளே மட்டும் ஒரு குறை இருக்கும். நீரிழிவு, ஆஸ்துமா, ஒரு காது கேளாமை, மனநோய், வலிப்பு ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இப்படிப்பட்டவர் வேலையில் ஒரு சிறு மாற்றம் கேட்டால், "நன்றாகத்தானே இருக்கிறாய்? வேலை செய்ய வலிக்கிறதா?" என்ற சொல்தான் முதலில் வருகிறது. அந்தச் சொல்லுக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை.

இவற்றுள் வலிப்பு நோயை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்நோய் உள்ளவர் தமக்கேற்ற வேலை மாற்றத்தை நிர்வாகத்திடம் எப்படிக் கேட்டுப் பெறலாம் என்பதை இன்று பார்ப்போம். மற்ற நோய்களுக்கும் வழி ஏறக்குறைய இதுவேதான்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். நம் மூளையில் உள்ள நரம்பணுக்கள் மிக நுண்ணிய மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அந்த மின்னோட்டம் சில வேளைகளில் கட்டுமீறிப் பாய்ந்துவிடுகிறது. அதுவே வலிப்பு. சிலர் கீழே விழுந்து கைகால்களை உதறுவார்கள். வேறு சிலருக்கு விழுதலும் இல்லை, உதறலும் இல்லை. அரை நிமிடம் வெறித்துப் பார்ப்பார்கள். கூப்பிட்டால் பதில் வராது. பிறகு எதுவும் நடவாததுபோல் வேலையைத் தொடர்வார்கள். பார்ப்பவர்கள், "காலையிலேயே போதையா?" என்றோ, "சோம்பேறி" என்றோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தலையில் பட்ட அடி, பிறக்கும்போது ஏற்பட்ட பாதிப்பு, மூளைக்காய்ச்சல், பக்கவாதம் முதலியவற்றால் இந்நோய் வரலாம். பலருக்கு இன்ன காரணம் என்று சொல்ல முடிவதில்லை. இது தொற்றுநோய் அன்று. பேயும் அன்று, செய்வினையும் அன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பு வராமலே வாழ முடியும் என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் நம் நாட்டுக் குடிமக்கள் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்க்கலாம். ஆகவே, மருந்துக்குப் பணமில்லையே என்று ஒருவரும் இந்நோயை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பின் ஏன் மறைக்கிறோம்? காரணம் இரண்டு. ஒன்று, பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். மற்றொன்று, வேலை போய்விடும் என்ற பயம். தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். இந்தப் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. ஆனால், மறைப்பதால் அந்த ஆபத்து குறைகிறதா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இந்நோயை முயலகன் என்று அழைத்தார்கள். நடராசப் பெருமானின் திருவடியின் கீழ்க் கிடப்பவனுக்கும் அதே பெயர்தான். கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய் கண்டது. அவன் தன் மகளை அரண்மனைக்குள் ஒளித்து வைக்கவில்லை. திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலுக்கு, ஊர் அறிய, கொண்டுவந்து கிடத்தினான். அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அந்நோயைத் தீர்த்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அரசன் ஒருவன் மகளின் நோயை வெளியே சொன்னதால்தான் அவளுக்கு உதவி வந்தது. இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான்.

இனி, தோட்டத்து வேலைக்கு வருவோம். வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களில் ஆள் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தே உயிருக்கு ஆபத்து வருகிறது. புல்தரையில் விழுந்தால் சிராய்ப்போடு போகும். ஏணி வைத்து உயரத்தில் மரம் வெட்டும்போது விழுந்தால் கழுத்து ஒடியும். குளத்தோரத்திலோ ஆழமான அல்லூர் ஓரத்திலோ விழுந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் உயிர் போகும். செம்பனைக் குலை வெட்டுகிறவர் நீண்ட கழியோடு நிற்கிறார். மேலிருந்து மட்டையும் குலையும் விழும் நேரத்தில் நினைவு தப்பினால் விலக முடியாது. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு வந்தால் அவரோடு மற்றவர் உயிரும் போகும். ஆலையில் கொதிகலன் அருகிலும் ஓடும் இயந்திரத்தின் அருகிலும் இதே நிலைதான்.

தனியாக இருப்பது இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. தீம்பாரின் கோடியில், ஒருவர் கண்ணிலும் படாத நிரையில் விழுந்து கிடப்பவரை, பால் எடுக்கும் நேரம் வரை யாரும் தேடமாட்டார்கள்.

வலிப்பைத் தூண்டிவிடும் காரணங்களும் நம் வாழ்க்கைமுறையில் இருக்கின்றன. தூக்கம் கெடுவது முதற்காரணம். திருவிழாவில் விடியவிடிய விழித்திருந்துவிட்டு, அதிகாலையில் பிரட்டுக்கு ஓடும் நாள் ஆபத்தான நாள். மாத்திரையை விட்டுவிடுவது இரண்டாவது காரணம். மதுவும் கடுங்காய்ச்சலும் அடுத்தவை. இவற்றில் பலவற்றை நம்மாலேயே தடுக்க முடியும். எஞ்சியிருப்பவற்றுக்குத்தான் நிர்வாகத்தின் உதவி வேண்டும்.

என்ன உதவி கேட்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "எனக்கு இலேசான வேலை கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். இலேசான வேலை என்றால் என்ன? கேட்பவர் மனத்தில் ஒன்று இருக்கும், கேட்கப்படுபவர் மனத்தில் வேறொன்று இருக்கும். பாரம் தூக்குவது பெரும்பாலும் வலிப்பு உள்ளவருக்குக் கெடுதல் இல்லை. அவருக்கு வேண்டியது ஆபத்தில்லாத இடம், இலேசான வேலை அன்று. ஆகவே, இன்னது வேண்டும் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஏணி வைத்து வெட்டும் மரங்களுக்குப் பதில் தரையில் நின்று வெட்டும் மரங்களைக் கேட்கலாம். கோடியில் உள்ள நிரைக்குப் பதில், சடக்கு ஓரத்தில், பக்கத்து நிரைக்காரர் கண்ணில் படும் இடத்தைக் கேட்கலாம். குலை வெட்டுவதற்குப் பதில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை, நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை போன்றவற்றைக் கேட்கலாம். ஆலையில் இருப்பவர் இரவு முறை வேண்டாம், பகல் முறை வேண்டும் என்று கேட்கலாம். காலைப் பசியாறி மாத்திரை போட 10 நிமிடம் கேட்கலாம். மருத்துவமனைக்குப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லி விடுப்புக் கேட்கலாம். இவற்றுள் பலவற்றுக்கு நிர்வாகத்திற்கு ஒரு காசு செலவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வேலை மாறினால் வருமானம் மாறலாம். பால் எடைக்குச் சம்பளம் வாங்குபவர் நாள் சம்பளத்துக்கு மாறும்போது கையில் வருவது குறையக்கூடும். அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். எடைக்கும் துண்டுக்கும் வேலை செய்பவர்களையும் அந்த உத்தரவு உள்ளடக்கியிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கேட்பதற்கு முன் கையில் ஒன்று இருக்க வேண்டும். அது டாக்டரின் கடிதம். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு அந்தக் கடிதமே கட்டு, அதுவே ஊன்றுகோல். "இவருக்கு வலிப்பு உண்டு" என்று மட்டும் எழுதிய கடிதம் போதாது. அதைப் படிக்கும் நிர்வாகி, "அப்படியானால் இவர் எந்த வேலைக்கும் உதவமாட்டார்" என்று முடிவு செய்துவிடலாம். எனவே டாக்டரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், நான் எந்தெந்த வேலை செய்யக்கூடாது, எந்தெந்த வேலை செய்யலாம் என்று இரண்டையும் எழுதிக் கொடுங்கள்." உங்கள் வேலை எப்படிப்பட்டது என்பதையும் அவருக்கு விளக்குங்கள். பட்டணத்தில் வளர்ந்த டாக்டருக்கு ஏணி வெட்டு என்றால் தெரியாமல் இருக்கலாம். கடைசியாக வலிப்பு வந்த நாள், அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்துக் காட்டுங்கள். எழுதத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்து, யாரிடம் சொல்வது? தோட்டம் முழுவதும் பறைசாற்ற வேண்டியதில்லை. மண்டோருக்குத் தெரிய வேண்டும். பக்கத்து நிரையில் நிற்பவருக்குத் தெரிய வேண்டும். தோட்டத்து மருந்தகத்தில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். நிர்வாகிக்குக் கடிதம் போக வேண்டும். அவ்வளவுதான். முதலில் மண்டோரிடமும் வெளிக்கிராணியிடமும் வாயால் சொல்லுங்கள். அவர்களைத் தாண்டி மேலே போனதாக மனத்தாங்கல் வராமல் இருக்க அது உதவும். பிறகு எழுத்தில் கொடுங்கள். தொழிற்சங்கக் கிளைத் தலைவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு மலாய் மொழியில் கடிதம் எழுதிக் கொடுப்பது எங்களைப் போன்ற தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிப்போன வேலை. அந்தப் பழக்கத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். "நான் ஏழை, இரக்கம் காட்டுங்கள்" என்று எழுதும் கடிதத்துக்கு இரக்கமான பதில் வரலாம். வேலை மாற்றம் வருவது அபூர்வம். இன்ன மாற்றம், இன்ன காரணம், இன்ன தேதி என்று எழுதும் கடிதத்துக்குத்தான் நிர்வாகி பேனாவை எடுக்கிறார். பால் மரம் வெட்டும் ஓர் அம்மா எழுதுவதாக வைத்துக்கொண்டால், கடிதம் இப்படி இருக்கலாம்:

"ஐயா, நான் இத்தோட்டத்தில் 9 ஆண்டுகளாகப் பால் மரம் வெட்டி வருகிறேன். எனக்கு வலிப்பு நோய் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வருகிறேன். ஏணியில் ஏறுவதும் தனித்து வேலை செய்வதும் எனக்கு ஆபத்து என்றும், தரையில் நின்று செய்யும் வேலைகளை நான் செய்யலாம் என்றும் டாக்டர் எழுதிய கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். ஆகவே, ஏணி இல்லாத மரங்களையும், மற்றவர் கண்ணில் படும் நிரையையும் எனக்கு ஒதுக்கித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் இவ்வாறு நடத்திப் பார்த்து, பிறகு மீண்டும் பேசலாம். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்."

கடிதத்தில் தேதி போட மறவாதீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் பெற்றவர் கையெழுத்தும் வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லாத கடிதம், கொடுக்காத கடிதத்திற்குச் சமம்.

இப்படிக் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், நடைமுறையில் இயன்ற அளவுக்குத் தொழிலாளரின் பாதுகாப்பைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. தன்னையும் மற்றவரையும் ஆபத்துக்கு உள்ளாக்காமல் நடந்துகொள்வது தொழிலாளியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே, நோயைச் சொல்வது சலுகை கேட்பது மட்டும் அன்று; கடமையைச் செய்வதும் ஆகும்.

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலையிடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால், பதிலே இல்லாமல் விட்டுவிடவும் முடியாது. வேலையில் பாகுபாடு காட்டப்படுவதாகப் புகார் வந்தால் அதை விசாரிக்கும் அதிகாரமும் இத்திருத்தத்தால் ஆள்பல இலாகாவின் தலைமை இயக்குநருக்குக் கிடைத்திருக்கிறது.

மருத்துவ விடுப்பும் அதே சட்டத்தில் உண்டு. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் இருப்பவருக்கு 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியே 60 நாள். ஆனால் விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றதாகக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டமும் இருக்கிறது. குறையுடையவருக்கும் மற்றவருக்குச் சமமாக வேலை பெறும் உரிமையும் பாதுகாப்பான வேலைச் சூழலும் உண்டு என்று அது கூறுகிறது. மீறுபவருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவு அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு உள்ள எல்லாருக்கும் ஓ.கே.யு. அட்டை கிடைப்பதில்லை. உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடமும் சமூகநல இலாகாவிலும் கேளுங்கள்.

சொக்சோ திட்டத்தில் வேலைக்குத் திரும்பும் பயிற்சி உதவி 2007 முதல் நடந்து வருகிறது. வேலை செய்யவே இயலாத நிலை நிரந்தரமாக வந்தவருக்கு இயலாமைப் பென்ஷனும் உண்டு. ஆனால், மாத்திரையோடு வேலை செய்யக்கூடியவர் பென்ஷனை முதலில் தேடிப் போக வேண்டியதில்லை. வேலையைக் காப்பாற்றிக்கொள்வதே முதல் வழி.

இனி, மிக முக்கியமான எச்சரிக்கை. நோயைச் சொன்னதும், "அப்படியானால் வேலையை விட்டு நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்துவிடு" என்று யாராவது ஒரு தாளை நீட்டலாம். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன், சங்கத்தில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். தானாக விலகியதாக எழுதிக் கொடுத்த பிறகு, நியாயம் கேட்பது மிகவும் கடினம். அவர்களாகவே வேலையிலிருந்து நீக்கினால், 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். அதற்குத் தவணை, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள். அந்த நாள் கடந்தால் வழி அடைபடும். ஆகவே, நீக்கிய கடிதத்தின் தேதியை அன்றைக்கே நாட்காட்டியில் குறியுங்கள்.

உடன் வேலை செய்பவர்களுக்கும் ஒரு சொல். ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் சாவியையோ இரும்பையோ திணிக்காதீர்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் தொடர்பில்லை. வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வெட்டுக்கத்தி, வாளி முதலியவற்றை அப்புறப்படுத்துங்கள். தலைக்கடியில் சட்டையை மடித்து வையுங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு வரும் வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு வருமுன் மறுபடி வந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்று பக்கத்து நிரையில் நிற்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசத்தவராகவோ இருக்கலாம். அவருக்கும் சைகையால் காட்டிக்கொடுங்கள். ஆபத்தில் முதலில் ஓடி வரப்போகிறவர் அவர்தான்.

வலிப்பு நின்று பல மாதம் ஆகிவிட்டது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவது பெருந்தவறு. நின்றது மாத்திரையால்தான். பிள்ளை பெற்றுக்கொள்ள எண்ணும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆகாதவை; டாக்டர் மாற்றிக் கொடுப்பார். தாமாக நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் இப்படிப்பட்டவர் இருந்தால் இந்த வாரமே செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. நோய் வந்த நாட்களை ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, செய்யக்கூடிய வேலையையும் செய்யக்கூடாத வேலையையும் எழுதி வாங்குங்கள். பக்கத்து நிரைக்காரர் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதத் துணை வேண்டுமானால், சங்கத் தலைவரையோ பள்ளிக்கூடத்து ஆசிரியரையோ அணுகுங்கள். விபத்து நடந்த பிறகு எழுதும் கடிதத்தைவிட, அதற்கு முன் எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கும். பலனும் அதற்குத்தான் அதிகம்.